சென்னையில் கிடைத்த 44 கிருமிகள்: மருத்துவமனைத் தொற்றில் ஆன்டிபயாடிக் ஏன் தோற்கிறது?

'ஆபரேஷன் சக்சஸ்தான். ஆனா இன்ஃபெக்‌ஷன் ஆயிடுச்சு.'

ஐசியு வாசலில் காத்திருக்கும் குடும்பங்கள் அதிகம் பயப்படும் வாக்கியம் இது. அதற்கு அடுத்து வரும் வாக்கியம் இன்னும் கொஞ்சம் மோசமாக இருக்கும்: 'கல்ச்சர் ரிப்போர்ட்டில் எல்லா மருந்துக்கும் ரெசிஸ்டன்ட்னு வந்திருக்கு. கடைசியா ஒரு மருந்து இருக்கு, கிட்னியைப் பாதிக்கலாம்.'

நோயாளி எதற்காக அட்மிட் ஆனாரோ அது சரியாகிவிட்டது. ஆனால் மருத்துவமனைக்குள் வந்தபிறகு ஒட்டிக்கொண்ட ஒரு பாக்டீரியா அவரைப் படுக்க வைத்துவிட்டது. எத்தனை விலையுயர்ந்த ஊசி போட்டாலும் அது அசையவில்லை. இது ஏன் நடக்கிறது? இந்தக் கதையில் சென்னைக்கு ஏன் இவ்வளவு முக்கியமான இடம் இருக்கிறது? காஞ்சிபுரம் பக்கம் ஒரு கிராமத்து மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் மாத்திரைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

மருத்துவமனைத் தொற்று என்றால் என்ன?

அட்மிட் ஆகும்போது இல்லாமல், மருத்துவமனையில் சிகிச்சையின்போது உண்டாகும் தொற்றுதான் மருத்துவமனைத் தொற்று. பொதுவாக இது நான்கு வழிகளில் வருகிறது.

• வென்டிலேட்டர் குழாய் வழியாக நுரையீரலுக்கு
• சிறுநீர்க் குழாய் வழியாகச் சிறுநீர்ப் பாதைக்கு
• பெரிய ரத்தக் குழாயில் செருகும் 'சென்ட்ரல் லைன்' வழியாக ரத்தத்துக்கு
• அறுவை சிகிச்சைக் காயம் வழியாக

உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, வசதியான நாடுகளில் மருத்துவமனையில் சேரும் 100 பேரில் 7 பேருக்கும், நடுத்தர மற்றும் ஏழை நாடுகளில் 15 பேருக்கும் குறைந்தது ஒரு மருத்துவமனைத் தொற்றாவது வருகிறது. கைகளைச் சுத்தமாக வைத்துக்கொள்வது உள்ளிட்ட எளிய நடைமுறைகளைச் சரியாகப் பின்பற்றினால் இதில் 70 சதவீதத்தைத் தடுக்கலாம் என்றும் அதே அறிக்கை சொல்கிறது.

இந்தியாவில் 26 மருத்துவமனைகளின் 89 ஐசியுக்களில் 2017, 2018 ஆண்டுகளில் ஒரு பெரிய கண்காணிப்பு ஆய்வு நடந்தது. ரத்தத் தொற்றை உண்டாக்கிய கிருமிகளில் முதலிடம் 'கிளெப்சியெல்லா'வுக்கு. அந்தக் கிளெப்சியெல்லாக்களில் 72 சதவீதம், 'கார்பபெனம்' என்ற வலிமையான ஆன்டிபயாடிக் வகைக்கே கட்டுப்படாதவை.

கார்பபெனம் என்பது ஐசியுவில் பெரும்பாலும் மற்ற மருந்துகள் கைவிட்டபிறகு எடுக்கும் ஆயுதம். மெரோபெனம், இமிபெனம் எல்லாம் இந்த வகைதான். அதுவே பத்தில் ஏழு முறை தோற்கிறது என்றால், டாக்டர் கையில் மிச்சம் இருப்பது மிகக் குறைவு.

சென்னையில் என்ன கண்டுபிடித்தார்கள்?

2008-ல் சுவீடனில் ஒரு நோயாளிக்குச் சிறுநீர்த் தொற்று. அவர் இந்திய வம்சாவளி. அதற்கு முன் டெல்லியில் மருத்துவமனையில் இருந்தவர். அவர் உடலில் இருந்த கிளெப்சியெல்லாவில், அதுவரை யாரும் பார்த்திராத ஒரு நொதி இருந்தது. கார்பபெனத்தையே உடைத்துப்போடும் நொதி. அதற்கு 'நியூ டெல்லி மெட்டலோ பீட்டா லாக்டமேஸ்-1' என்று பெயர் வைத்தார்கள். சுருக்கமாக, என்டிஎம்-1.

ஒரே ஒரு நோயாளியோடு இது முடிந்திருந்தால் பெரிய செய்தி ஆகியிருக்காது. 2010 ஆகஸ்டில் 'லான்செட் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. அதன் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாக நுண்ணுயிரியல் துறையைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிமோதி வால்ஷ் உள்ளிட்டோரும் அதில் இருந்தார்கள்.

அந்த ஆய்வில் என்டிஎம்-1 இருந்த பாக்டீரியாக்கள் கிடைத்த கணக்கு இது: சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா மற்றும் பாகிஸ்தானின் பிற இடங்களில் 73. பெரும்பாலானவற்றை டைகிசைக்ளின், கொலிஸ்டின் என்ற இரண்டு மருந்துகள் மட்டுமே கட்டுப்படுத்தின.

உடனே பெரிய சர்ச்சை வெடித்தது. ஆனால், சர்ச்சை கிருமியைப் பற்றி அல்ல, பெயரைப் பற்றி. 'டெல்லி பெயரை எப்படி வைக்கலாம்? இந்தியாவின் மெடிக்கல் டூரிசத்தைக் கெடுக்கும் சதி' என்று எதிர்ப்பு எழுந்தது. 2011 ஜனவரியில் லான்செட் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன் அந்தப் பெயர் வைத்தது தவறு என்று வருத்தம் தெரிவித்தார். ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது. இத்தாலியின் வெரோனா நகரத்தின் பெயரிலும் இதேபோல் ஒரு நொதி ஏற்கெனவே இருந்தது என்பதை அப்போது அதிகம் பேர் பேசவில்லை.

2011 ஏப்ரலில் அடுத்த ஆய்வு வந்தது. டெல்லியில் எடுத்த 50 குடிநீர் மாதிரிகளில் 2-லும், தெருவில் தேங்கிய நீர் உள்ளிட்ட 171 கசிவுநீர் மாதிரிகளில் 51-லும் என்டிஎம்-1 மரபணு இருந்தது. அதாவது, இது மருத்துவமனைச் சுவருக்குள் மட்டும் இருக்கும் பிரச்சினை இல்லை. சாக்கடை வழியாக ஊருக்குள்ளும் இருக்கிறது.

இது ஏன் இவ்வளவு வேகமாகப் பரவுகிறது?

இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒரு விஷயம் உண்டு. 'என் உடம்புக்கு ஆன்டிபயாடிக் பழகிப்போச்சு' என்று சொல்கிறோம். பழகுவது உடம்பு அல்ல, பாக்டீரியா. அதனால்தான் வாழ்நாளில் ஆன்டிபயாடிக்கே தொடாத ஒருவருக்கும், பிறந்து இரண்டு நாளான குழந்தைக்கும் மருந்துக்குக் கட்டுப்படாத தொற்று வரலாம்.

ஆன்டிபயாடிக் கொடுக்கும்போது பலவீனமான பாக்டீரியாக்கள் சாகின்றன. தற்செயலாகத் தப்பிக்கும் வழி தெரிந்தவை மிஞ்சிப் பெருகுகின்றன. இதுவரை நமக்குத் தெரிந்த கதை. பெனிசிலினை 1928-ல் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங்கே 1945-ல் நோபல் உரையில் இதை எச்சரித்தார்.

என்டிஎம்-1 விஷயத்தில் கூடுதலாக ஒன்று நடக்கிறது. அதைப் புரிந்துகொள்ள காஞ்சிபுரம் தறியைப் பார்க்கலாம். பட்டுச் சேலையின் பார்டரில் மயிலோ யாளியோ வருவதற்கு ஜக்கார்டு பெட்டியில் துளையிட்ட அட்டைகளைக் கோர்த்திருப்பார்கள். டிசைன் நெசவாளரின் தலையில் இல்லை, அந்த அட்டையில் இருக்கிறது. அதே அட்டையின் நகலை எடுத்துப் பக்கத்துத் தறியில் மாட்டினால், அங்கேயும் அதே மயில் வரும்.

பாக்டீரியாக்களிடமும் அப்படி ஓர் 'அட்டை' இருக்கிறது. அதன் பெயர் பிளாஸ்மிட். முதன்மை மரபுத்தொகுப்புக்கு வெளியே தனியாக இருக்கும் சின்ன டிஎன்ஏ வளையம். என்டிஎம்-1 மரபணு பெரும்பாலும் இந்தப் பிளாஸ்மிட்டில்தான் இருக்கிறது. ஒரு கிளெப்சியெல்லா தன் பிளாஸ்மிட்டை நகலெடுத்து, பக்கத்தில் இருக்கும் முற்றிலும் வேறு இனமான ஈ.கோலை பாக்டீரியாவுக்குக் கொடுத்துவிட முடியும். வாங்கிக்கொண்ட ஈ.கோலை அந்த மருந்தை ஒருமுறைகூடச் சந்தித்திருக்க வேண்டியதில்லை. தப்பிக்கும் டிசைன் ரெடிமேடாகக் கைக்கு வந்துவிடுகிறது. ஒரே பிளாஸ்மிட்டில் ஐந்தாறு மருந்துகளுக்கு எதிரான மரபணுக்கள் சேர்ந்தே இருப்பதும் உண்டு. அதனால் ஒரு மருந்தைத் தவறாகப் பயன்படுத்தினாலும், மற்ற மருந்துகளுக்கு எதிரான பாதுகாப்பும் சேர்ந்து வளர்கிறது.

இப்போது நிலைமை எப்படி இருக்கிறது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், அதாவது ஐசிஎம்ஆர், 2013 முதல் பெரிய மருத்துவமனைகளை இணைத்துக் கண்காணித்து வருகிறது. வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர் ஆகியவையும் இந்த வலைப்பின்னலில் உள்ளன. அதன் 2022 அறிக்கையில் உள்ள எண்கள் இவை.

• இமிபெனத்துக்குக் கட்டுப்பட்ட ஈ.கோலை: 2017-ல் 81 சதவீதம், 2022-ல் 66 சதவீதம்
• இமிபெனத்துக்குக் கட்டுப்பட்ட கிளெப்சியெல்லா நிமோனியே: 2017-ல் 59 சதவீதம், 2022-ல் 42 சதவீதம்
• ஐசியுக்களில் அதிகம் காணப்படும் அசினெட்டோபாக்டர் பாமன்னியில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவை கார்பபெனத்துக்குக் கட்டுப்படுவதில்லை

இந்த எண்களைப் படிக்கும்போது ஒரு கவனம் தேவை. இவை பெரிய மருத்துவமனைகளில் இருந்து வந்தவை. வேறு எங்கும் குணமாகாமல், பல மருந்துகள் எடுத்துவிட்டு வரும் நோயாளிகள் அங்கே அதிகம். எனவே சாதாரணமாக வீட்டில் வரும் சிறுநீர்த் தொற்றும் இதே அளவுக்கு மோசமாக இருக்கும் என்று அர்த்தம் இல்லை. ஆனால், ஐந்தே ஆண்டுகளில் அதே வலைப்பின்னலில் இவ்வளவு சரிவு என்பதுதான் கவலை.

உயிரிழப்புக் கணக்கு? 2019-ல் உலகம் முழுவதும் 12.7 லட்சம் பேர் மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாவால் நேரடியாக இறந்ததாக 2022-ல் லான்செட் இதழ் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது. இந்தியாவின் பங்கு சுமார் 2.97 லட்சம். 2025 முதல் 2050 வரை உலக அளவில் 3.9 கோடிப் பேர் இறக்கக்கூடும் என்பது 2024-ல் வந்த அடுத்த மதிப்பீடு.

'கடைசி மருந்து' என்கிறார்களே, அது என்ன?

பெரும்பாலும் கொலிஸ்டின். 1950-களில் பயன்பாட்டுக்கு வந்த பழைய மருந்து. சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்பதால், நல்ல மருந்துகள் வந்ததும் டாக்டர்கள் அதை ஓரம் கட்டினார்கள். கார்பபெனம் தோற்க ஆரம்பித்ததும், வேறு வழியில்லாமல் அதை மறுபடி எடுத்து வந்தார்கள்.

ஆனால், அதே கொலிஸ்டின் கோழிப் பண்ணைகளில் கோழிகள் எடை கூடுவதற்காகத் தீவனத்தில் கலக்கப்பட்டுக்கொண்டிருந்தது. 2015-ல் சீனாவில், கொலிஸ்டினுக்குக் கட்டுப்படாமல் செய்யும் எம்சிஆர்-1 என்ற மரபணு கண்டறியப்பட்டது. அதுவும் பிளாஸ்மிட்டில்தான் இருந்தது. 2019 ஜூலையில் இந்திய அரசு, உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதைத் தடை செய்தது.

புது மருந்தே வரவில்லையா?

வந்திருக்கிறது. அதிலும் சென்னைக்கு ஒரு பங்கு இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த ஆர்கிட் நிறுவனம் கண்டுபிடித்த 'என்மெட்டாசோபாக்டம்', செஃபிபைம் என்ற ஆன்டிபயாடிக்குடன் சேர்த்து 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் எஃப்டிஏ ஒப்புதலைப் பெற்றது. சிக்கலான சிறுநீர்த் தொற்றுக்கான மருந்து அது. ஆனால், இது 'இஎஸ்பிஎல்' என்ற இன்னொரு வகை நொதியை முடக்கவே உருவாக்கப்பட்டது. என்டிஎம் நொதிக்கு இது தீர்வு இல்லை.

என்டிஎம்-க்கு எதிராக அஸ்ட்ரியோனம்-அவிபாக்டம், செஃபிடெரோகால் போன்றவை வெளிநாடுகளில் ஒப்புதல் பெற்றுள்ளன. பிரச்சினை, அவை யாருக்குக் கிடைக்கின்றன என்பது. இந்தியா உள்ளிட்ட 8 நாடுகளில் 2019-ல் கார்பபெனத்துக்குக் கட்டுப்படாத தொற்று வந்த சுமார் 15 லட்சம் பேரை வைத்து 2025-ல் ஒரு மதிப்பீடு வெளியானது. அதன்படி பொருத்தமான மருந்து கிடைத்தது 6.9 சதவீதம் பேருக்குத்தான். இந்தியாவில் 7.8 சதவீதம்.

இந்த எண்ணைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். ஒரு பக்கம் தேவையில்லாதவர்கள் ஆன்டிபயாடிக்கை மிட்டாய் மாதிரிச் சாப்பிடுகிறார்கள். இன்னொரு பக்கம், உண்மையிலேயே தேவைப்படுகிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குச் சரியான ஆன்டிபயாடிக் கிடைக்கவில்லை. 'அதிகப் பயன்பாடு', 'பற்றாக்குறை' இரண்டும் ஒரே நாட்டில், சில சமயம் ஒரே மருத்துவமனையில் நடக்கின்றன.

அரசு என்ன செய்தது?

என்டிஎம்-1 சர்ச்சைக்குப் பின் 2012 ஆகஸ்டில் சென்னையில் நாட்டின் பல மருத்துவச் சங்கங்கள் கூடி ஒரு திட்டம் தயாரித்தன. அதுதான், 'சென்னை பிரகடனம்'. ஒருங்கிணைத்தவர் சென்னையின் தொற்றுநோய் நிபுணர் டாக்டர் அப்துல் கஃபூர். 'சீட்டு இல்லாமல் எந்த ஆன்டிபயாடிக்கும் கிடையாது' என்று ஒரே இரவில் சட்டம் போட்டால் டாக்டரே இல்லாத கிராமங்களில் நடைமுறைக்கு வராது, எனவே முதலில் வலிமையான மருந்துகளைக் கட்டுப்படுத்துவோம், பிறகு படிப்படியாக மற்றவற்றுக்குப் போகலாம் என்பதுதான் அதன் அணுகுமுறை.

பிறகு வந்தவை:

• 2014 மார்ச் 1 முதல் 'அட்டவணை ஹெச்1' அமலுக்கு வந்தது. கார்பபெனம், செஃபிக்சிம் உள்ளிட்ட 46 மருந்துகளை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.
• 2016-ல் 'சிவப்புக் கோடு' பிரச்சாரம். மாத்திரை அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்று பொருள்.
• 2017-ல் முதல் தேசியச் செயல்திட்டம்.
• 2018-ல் கேரளா, மாநில அளவில் தனிச் செயல்திட்டம் கொண்டுவந்த முதல் மாநிலமானது.
• 2024 ஜனவரியில், ஆன்டிபயாடிக் எழுதும்போது எதற்காக என்ற காரணத்தையும் சீட்டில் எழுதுமாறு மருத்துவக் கல்லூரி டாக்டர்களை மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்ககம் கேட்டுக்கொண்டது.

காகிதத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. நடைமுறையில் என்ன ஆனது? ஹெச்1 அமலாகி ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 2019-ல் இந்தியத் தனியார் சந்தையில் அதிகம் பயன்பட்ட ஆன்டிபயாடிக் அசித்ரோமைசின் 500 மி.கி. மாத்திரை. அடுத்தது செஃபிக்சிம் 200. இரண்டுமே, எளிதில் எதிர்ப்பு வளரும் என்பதால் கவனித்துக் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 'வாட்ச்' பட்டியலில் வைத்திருப்பவை. செஃபிக்சிம் ஹெச்1 பட்டியலிலேயே இருக்கும் மருந்து.

மாகறலில் இருந்து பார்த்தால்?

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே சேயாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். நோய் தீர வேண்டி மக்கள் வரும் பாடல் பெற்ற தலமான திருமாகறலீஸ்வரர் கோயில் இங்கேதான். இந்தப் பக்கத்தில் ஒரு பட்டு நெசவாளருக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் என்று வைத்துக்கொள்வோம். கூலி சேலைக் கணக்கில். பஸ் ஏறி காஞ்சிபுரம் போய், வரிசையில் நின்று, டாக்டரைப் பார்த்துத் திரும்பினால் ஒரு நாள் தறி நிற்கும். மெடிக்கல் ஷாப்பில் 'மூணு நாளைக்குக் குடுங்க' என்றால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். தொண்டை வலி பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் அதற்கு வேலையே செய்யாது. ஆனால், மூன்றாம் நாள் காய்ச்சல் தானாகவே குறையும். பெயர் மாத்திரைக்குப் போகும். அடுத்த முறையும் அதே மாத்திரை.

இவரைக் குற்றம் சொல்வது எளிது. ஆனால், சரியான வழிக்கு ஒரு நாள் கூலி செலவு, தவறான வழி பத்து நிமிடம் என்றால், பெரும்பாலானவர்கள் எதைத் தேர்வு செய்வார்கள்? நகரத்தில் லீவு கிடைக்காமல் பழைய சீட்டை வாட்ஸ்அப்பில் தேடி ஆப்பில் ஆர்டர் போடும் ஐடி ஊழியர் செய்வதும் இதைத்தான்.

அந்த மூன்று நாள் மாத்திரை, அவர் குடலில் இருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களில் எதிர்ப்புள்ளவற்றை மிஞ்சவிடுகிறது. அவை உடனே எந்த நோயையும் தருவதில்லை, சும்மா இருக்கின்றன. பல மாதம் கழித்து அவரோ, அவர் வீட்டில் ஒருவரோ மருத்துவமனையில் அட்மிட் ஆகி, சிறுநீர்க் குழாய் போடும்போதுதான் அவற்றுக்கு வழி கிடைக்கிறது. அங்கிருந்து பக்கத்துப் படுக்கைக்குப் போக, கழுவாத ஒரு கை போதும்.

இதனால் அதிகம் பாதிக்கப்படுவது யார்? பச்சிளம் குழந்தைகள் முதலில். டெல்லியில் 3 பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை நடந்த ஆய்வில், குழந்தைகளின் ரத்தத் தொற்றில் கிடைத்த அசினெட்டோபாக்டரில் 82 சதவீதம் பல மருந்துகளுக்குக் கட்டுப்படாதவை. அடுத்து, புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுப்பவர்கள். காஞ்சிபுரம் காரப்பேட்டையிலேயே அறிஞர் அண்ணா பெயரில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. கீமோவின்போது நோய் எதிர்ப்பு சக்தி விழுந்துவிடும். அந்த நாட்களை நோயாளி தாண்டுவதற்கு ஆன்டிபயாடிக்தான் துணை. சிசேரியன், மூட்டு மாற்று, சிறுநீரக மாற்று எல்லாம் இதே நம்பிக்கையில்தான் நடக்கின்றன. ஆன்டிபயாடிக் தோற்றால், நவீன மருத்துவத்தின் பல சிகிச்சைகளே ஆபத்தானவையாக மாறிவிடும்.

அப்போ தீர்வு எங்கே?

மருந்துக் கடையை மட்டும் மிரட்டினால் போதாது. பக்கத்திலேயே டாக்டரும், குறைந்த செலவில் பரிசோதனையும் இருந்தால்தான் 'சீட்டு இல்லாமல் கிடையாது' என்பது நியாயமான விதியாக இருக்கும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று சொல்லும் கல்ச்சர் டெஸ்ட் வசதி மாவட்ட மருத்துவமனைகளைத் தாண்டி வர வேண்டும். அது இல்லாத இடத்தில் டாக்டரும் ஊகத்தில்தான் எழுதுகிறார். ஊகத்தில் எழுதும்போது 'எதுக்கும் இருக்கட்டும்' என்று பெரிய மருந்தாகவே எழுதத் தோன்றும்.

மருத்துவமனைகள் தங்கள் தொற்று விகிதத்தை வெளியிடுவது இன்னொரு பெரிய மாற்றம். ஒரு ஹோட்டலுக்கு ரேட்டிங் பார்த்துப் போகிறோம். ஆனால், அறுவை சிகிச்சைக்குப் போகும் மருத்துவமனையில் நூறில் எத்தனை பேருக்குத் தொற்று வருகிறது என்று நோயாளியால் பார்க்க முடிவதில்லை. எண் வெளியே வந்தால் பெயர் கெடும் என்ற பயம் புரிகிறது. 2010-ல் நாடே காட்டிய பயமும் அதுதான். பெயரைக் காப்பாற்றப் போட்ட சண்டையில் போன காலம், கிருமிக்குக் கிடைத்த காலம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

• சளி, சாதாரண ஜுரத்துக்கு நீங்களே ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். 'இது பாக்டீரியாவா, வைரஸா? ஆன்டிபயாடிக் அவசியமா?' என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.
• டாக்டர் சொன்ன நாட்கள் வரை மட்டும், முழுமையாகச் சாப்பிடுங்கள். மிச்சம் வைத்து அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள்.
• அட்மிட் ஆனவருக்குச் சிறுநீர்க் குழாயோ சென்ட்ரல் லைனோ போட்டிருந்தால், 'இது இன்னும் தேவையா, எப்போ எடுப்பீங்க?' என்று தினமும் கேளுங்கள். குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்று அபாயம் கூடுகிறது.
• நோயாளியைத் தொடும் முன் கை கழுவுங்கள். டாக்டர், நர்ஸ், பார்க்க வரும் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். ஐசியுவுக்குள் கூட்டமாகப் போகாதீர்கள்.
• ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் கல்ச்சர் எடுத்தார்களா என்று கேளுங்கள். ரிப்போர்ட்டின் நகலைப் பத்திரமாக வையுங்கள். வேறு மருத்துவமனைக்கு மாற்றினால், அதை முதலில் காட்டுங்கள்.

புது மருந்து ஒன்று சந்தைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். பாக்டீரியா தன் டிசைன் அட்டையைப் பக்கத்துக் கிருமிக்குக் கொடுக்கச் சில மணி நேரம் போதும். அந்த வேகத்தோடு போட்டி போட மருந்து ஆலைகளால் முடியாது. கையில் இருக்கும் மருந்துகள் இன்னும் எத்தனை ஆண்டு வேலை செய்யும் என்பது, அவற்றை நாம் எப்போது எடுக்கிறோம், எப்போது எடுக்காமல் இருக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.